கண்டென்சரை மாற்றினால் பாட்டு மாறுமா?

பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் வந்து மாட்டிக்கொள்கிற இடம் இது. ஒருவர், “உள்ளே இருக்கிற கண்டென்சர் எல்லாத்தையும் கழட்டிட்டு நல்லதா போடு, அப்புறம் பாரு” என்கிறார் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் பாகம்தான் கண்டென்சர்). இன்னொருவர், “ஐசியை மட்டும் மாத்து, போதும்” என்கிறார் (பல டிரான்சிஸ்டர்களை அடக்கிய சின்னச் சில்லு அது). மூன்றாமவர், “எல்லாம் பிரமை, காசைக் கரியாக்காதே” என்று கையை விரிக்கிறார். மூன்று பேரும் அடித்துச் சொல்வதால், நடுவில் ஸ்க்ரூடிரைவரோடு நிற்பவருக்குத்தான் குழப்பம்.

மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. கடுகு போன்ற ஒரு பாகம் கெட்டால் மொத்த ஒலியும் கெடும். அதைச் சரிசெய்தால் ஒலி திரும்பி வரும். ஆனால் நன்றாக இருக்கிற பாகத்தை எடுத்துவிட்டு அதைவிட உசத்தியானதைப் போட்டால் ஒலியும் உயருமா? அது அந்தப் பாகம் சர்க்யூட்டில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே ரெசிஸ்டர் (மின்தடை) ஓரிடத்தில் உயிர்நாடி, நாலு அங்குலம் தள்ளிப் போட்டால் சும்மா ஒரு ஆள். இந்த ‘எங்கே’ என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டே ஒலியைச் சரிசெய்ய இருக்கும் ஆறு வழிகளையும் பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், பாகம் பாட்டு போகிற வழியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே நுழைகிற சிக்னல் வால்யூம் கண்ட்ரோல், நேர்மின்னோட்டத்தை (டிசி) தடுத்துப் பாட்டை மட்டும் விடும் கப்ளிங் கண்டென்சர், ஐசி அல்லது டிரான்சிஸ்டர்கள், ரிலே என்ற மின்ஸ்விட்ச், ஸ்பீக்கருக்குள் பாஸையும் மேல் ஸ்தாயியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் என்று வரிசையாகக் கடந்து போகிறது. இந்த வழியில் இருப்பவை நேரடியாகப் பேசும். பவர் சப்ளையில் இருப்பவை சுற்றி வளைத்துப் பேசும். இண்டிகேட்டர் விளக்குக்குப் போகிற ரெசிஸ்டர் வாயே திறக்காது.

அடுத்து, வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது. இதற்குக் கையில் ஒரு அளவுகோல் இருக்க வேண்டும். ஒரு ரெசிஸ்டரின் மதிப்பு 1 சதவீதம் மாறினால் ஒலி அளவு அதிகபட்சம் 0.09 டெசிபல் மாறும். தேய்ந்த வால்யூம் கண்ட்ரோலைக் குறைத்து வைத்தால் இடதுக்கும் வலதுக்கும் 2, 3 டெசிபல் வித்தியாசம் வருவது சாதாரணம். சாதாரண வீட்டு அறையில் பாஸ் ஒலி 10 டெசிபலுக்கு மேல் ஓரிடத்தில் எகிறி இன்னோரிடத்தில் விழும். டிஸ்டார்ஷனும் (ஒலி உருக்குலைவதும்) அப்படித்தான்: ஒழுங்காக இருக்கும் ஆம்ப்பில் 0.01 சதவீதமோ அதற்கும் கீழேயோ இருக்கும்; ஸ்பீக்கரோ பாஸில் 1 சதவீதத்தைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும்.

பிறகு மறைவான செலவு. பாகத்தின் விலை எப்போதும் சின்னதுதான். போர்டில் பெயர்ந்துபோகும் செப்புக் கோடு (டிராக்), போலிச் சரக்கு, ஒன்றை மாற்றப்போய் இன்னொன்று கெடுவது, அதைத் தேடுகிற நாட்கள் என்று செலவு வேறு பக்கத்திலிருந்து வரும். கடைசியாக, பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஆக்க முடியுமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

| வழி | எப்போது காதுக்குத் தெரியும் | மறைவான செலவு | பழையபடி ஆக்கலாமா |
|---|---|---|---|
| சுத்தம் செய்வது, சால்டர் புதுப்பிப்பது | கரகரப்பு, ஒரு பக்கம் வந்து வந்து போவது | தவறான ஸ்ப்ரே | தேவையே வராது |
| வயதான எலக்ட்ரோலிட்டிக் மாற்றுவது | ஹம் (‘ம்ம்’ என்ற இரைச்சல்), பாஸ் மெலிவது, ஒரு பக்கம் வீக் | டிராக் பெயர்வது, பிளஸ் மைனஸை மாற்றிப் போடுவது | கஷ்டம் |
| உயர்விலைப் பாகங்கள் | சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் | இடம் போதாமை, ஹம் பிடிப்பது | கஷ்டம் |
| சிக்னலைப் பெருக்கும் ஓப்-ஆம்ப் ஐசியை மாற்றுவது | ரெக்கார்டு பிளேயர் பகுதியில் | ஆசிலேஷன் (ஐசி தானாக அதிர்வது), போலி ஐசி | சாக்கெட் போட்டால் சுலபம் |
| கிராஸ்ஓவர் பாகங்கள் | பெரும்பாலும் தெரியும் | டோன் சமநிலை தவறுவது | சுலபம் |
| ஸ்பீக்கர் இடம், அறை | எப்போதும் | வீட்டாரோடு பேச்சுவார்த்தை | நகர்த்தினால் போதும் |

## கழற்றாமல் சுத்தம் மட்டும் செய்வது

நண்பன் ஒருவனின் ஆம்ப்பில் இரவில் மட்டும் இடது பக்கம் ஊமையாகிவிடும். பகலில் ஒன்றும் இருக்காது. அவுட்புட் டிரான்சிஸ்டர் என்றார் ஒருவர், ஐசி என்றார் இன்னொருவர், கண்டென்சர் எல்லாம் வற்றிவிட்டது என்றார் மூன்றாமவர். நான் போய்ப் பார்த்தபோது புரிந்தது, சிக்கல் இரவில் இல்லை. இரவில் அவன் வால்யூமைக் குறைத்து வைப்பான். கொஞ்சம் ஏற்றினால் ‘பட்’ என்று ஒரு சத்தம், இடது பக்கம் வந்துவிடும்.

மூடியைத் திறந்தால், ஸ்பீக்கரைக் காப்பதற்காக வைத்திருக்கும் ரிலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் தெரிந்தது. உள்ளே இரண்டு காண்டாக்ட். ஒன்று வெள்ளியாக மின்னியது, இன்னொன்று கரி பூசியது போல் கறுத்திருந்தது. காண்டாக்டின் மேல் படிந்த அந்த மெல்லிய கறுப்புப் படலத்தைச் சின்ன மின்னழுத்தத்தால் துளைக்க முடியாது, பெரியதால் முடியும். அதனால்தான் வால்யூம் ஏற்றியதும் உயிர் வந்தது. உறையைக் கழற்றி, ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டைக் காண்டாக்டுகளுக்கு நடுவே வைத்து மெல்ல இழுத்தோம். காகிதத்தில் கறுப்புக் கோடு விழுந்தது. பாட்டு திரும்பி வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. மேல்பூச்சு போய்விட்டால் அந்த ரிலேவைத் தூக்கித்தான் எறிய வேண்டும். அவனும் சில மாதம் கழித்துப் புது ரிலேயே போட்டுவிட்டான், அதுதான் சரியான வைத்தியம்.

வால்யூம் கண்ட்ரோல் கரகரப்பதும் இதே இனம்தான். காண்டாக்ட் கிளீனரை உள்ளே கொஞ்சம் அடித்து, குமிழை முழுக்க இருபது முப்பது தடவை திருப்பினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் அது ஒரு துப்பு. முன்னால் இருக்கும் கப்ளிங் கண்டென்சர் லீக் ஆகி, குமிழின் மேல் டிசி வந்துகொண்டிருக்கலாம். மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்துக் குமிழின் வெளிக்கால்கள் இரண்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். பத்து இருபது மில்லிவோல்ட் காட்டினால் குற்றவாளி குமிழ் இல்லை.

மூன்றாவது, டிரை சால்டர், அதாவது பிடிப்பு விட்ட பற்றவைப்பு. சூடாகும் பாகங்கள், கனமான பாகங்கள் இவற்றின் கால்களைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு வட்ட விரிசல் இருக்கும். பூதக்கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் இருந்தால் தெரிந்துவிடும். தெரியவில்லை என்றால், ஆம்ப் ஓடும்போது பிளாஸ்டிக் குச்சியால் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் தட்டுகிற வேலை, குச்சியைத் தவிர வேறெதுவும் உள்ளே போகக் கூடாது. பழகியவர்களுக்கு மட்டும்.

கரகரப்பு, விட்டு விட்டு வருவது, ஒரு பக்கம் மங்குவது என்றால் இந்த வழியைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். கண்டென்சர் ஆர்டர் போடுவதெல்லாம் இதற்கப்புறம்.

## வயதான எலக்ட்ரோலிட்டிக்கை மாற்றுவது

உருளை வடிவில், மேலே சட்டை போட்டது போல் நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள்ளே அலுமினியத் தகடும் திரவத்தில் ஊறிய காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அந்தத் திரவம் வருடக்கணக்கில் மெல்ல வற்றும். வற்ற வற்றக் கொள்ளளவு குறையும், உள்தடை ஏறும். மற்ற கண்டென்சர்களான ஃபிலிமுக்கும் செராமிக்குக்கும் இந்த வியாதி கிடையாது. ஆகவே ‘எல்லாத்தையும் மாத்து’ என்பதில் ‘எல்லாம்’ என்ற சொல்லே முதல் தவறு.

உடம்பின் மேல் 85 டிகிரி என்று எழுதியிருக்கும். அந்த வெப்பத்தில் அதற்கு 2000 மணி நேர ஆயுள் என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆம்ப்புக்குள் 45 டிகிரி என்றால் நான்கு இரட்டிப்பு, 32,000 மணி நேரம். தினம் 4 மணி நேரம் கேட்டால் ஏறக்குறைய 22 வருடம். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கை ஒட்டி நிற்பது சீக்கிரம் போகும், ஓரத்தில் தனியாக நிற்பது நீண்ட நாள் வாழும். முப்பது நாற்பது வயதான பெட்டியில் சில கண்டென்சர்கள் செத்தும் சில முழு ஆரோக்கியமாகவும் இருப்பது இதனால்தான்.

பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கண்டென்சர் வற்றினால் ஹம் வரும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் 100 ஹெர்ட்ஸிலும், 60 என்றால் 120 ஹெர்ட்ஸிலும் கேட்கும். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அது போகாது. பாட்டு உரக்கப் போகும்போது பாஸ் சுருங்குவதும் அதே கண்டென்சரின் வேலையாக இருக்கலாம்.

கப்ளிங் கண்டென்சரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2.2 மைக்ரோஃபாரட் கண்டென்சர் 47 கிலோ ஓமுக்குள் சிக்னலை அனுப்புகிறது என்றால், அது 1.5 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வெட்டத் தொடங்கும். பாதியாக வற்றினாலும் 3 ஹெர்ட்ஸ். காதுக்கு 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேலையே இல்லை. பத்தில் ஒரு பங்காக வற்றினால்தான் 15 ஹெர்ட்ஸை எட்டிப் பாஸின் அடிமட்டம் மெலியத் தொடங்கும். ஆக, மீட்டரில் ‘கெட்டுப்போச்சு’ என்று காட்டுகிற கண்டென்சர் காதுக்கு ஒன்றும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அது லீக் ஆகத் தொடங்கினால் மேலே சொன்ன கரகரப்பு வரும். மாற்றுவதற்கு அது நல்ல காரணம்.

மாற்றும்போது அதே மதிப்பு, அதே வோல்ட் அல்லது கொஞ்சம் கூடுதல், 105 டிகிரி ரகம், பேர் தெரிந்த கம்பெனி. இவ்வளவு போதும். பவர் சப்ளையில் ‘இருக்கட்டும்’ என்று இரண்டு மடங்கு கொள்ளளவைப் போட்டால், ஸ்விட்ச் போட்ட நொடியில் பாயும் மின்னோட்டம், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரையும் ஸ்விட்சின் காண்டாக்டையும் பதம் பார்க்கும். பழைய பெட்டிகளில் கண்டென்சரின் அடியில் பழுப்பாக ஒரு பசை இருக்கும். ஆட்டம் காணாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே வைத்தது அது. பலர் அதைக் கண்டென்சர் ஒழுகியது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பசையையும் சும்மா விடக் கூடாது: வயதானால் சில ரகங்கள் பக்கத்துக் கால்களை அரித்து, மின்சாரத்தையும் கடத்த ஆரம்பிக்கும். சுரண்டி எடுத்துவிடுங்கள்.

ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் மின்சாரம் நிற்கும். வால்வு ஆம்ப்பில் அது சில நூறு வோல்ட், ஆளைக் கொல்லும். தகுந்த ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்து உறுதி செய்யாமல் கை வைக்காதீர்கள்.

## ‘ஆடியோ தரம்’ என்று விற்கும் பாகங்கள்

சண்டையே இங்கேதான். 1980ல் மின்னணுப் பொறியாளர்கள் வால்ட் ஜங்கும் ரிச்சர்ட் மார்ஷும் கண்டென்சரின் தரம் ஒலியைப் பாதிக்கும் என்று எழுதிய கட்டுரைகள் இந்தப் பேச்சைப் பரவலாக்கின. 2002 வாக்கில் பொறியாளர் சிரில் பேட்மேன் கண்டென்சர்களின் டிஸ்டார்ஷனைத் தனியாக அளந்து வெளியிட்டார். ஆகவே ‘கண்டென்சருக்கும் கண்டென்சருக்கும் வித்தியாசமே இல்லை’ என்பது தவறு. அளக்கக்கூடிய வித்தியாசம் உண்டு. அது எங்கே காதுவரை வரும் என்பதுதான் விஷயம்.

கண்டென்சர் டிஸ்டார்ஷனை உண்டாக்க, அதன் இரண்டு கால்களுக்கும் நடுவே சிக்னலின் மின்னழுத்தம் கணிசமாக விழ வேண்டும். 10 கிலோ ஓமுக்குள் போகும் 10 மைக்ரோஃபாரட் கண்டென்சரின் மேல் 20 ஹெர்ட்ஸில் சிக்னலின் 8 சதவீதம் விழுகிறது. அதே இடத்தில் 100 மைக்ரோஃபாரட் போட்டால் 1 சதவீதத்துக்கும் கீழே. சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கையே பெரிதாகப் போட்டுவிட்டால் அது சிக்னலைத் தொடாத மாதிரி ஆகிவிடுகிறது. இடம் போதவில்லை என்று மதிப்பைக் குறைத்து, விலை உயர்ந்த குட்டி ஃபிலிமை அங்கே போடுபவர் பாஸையும் சேர்த்துத்தான் குறைக்கிறார்.

செராமிக் கதை வேறு. எக்ஸ்7ஆர், ஒய்5வி என்று எழுதியிருக்கும் ரகங்களின் கொள்ளளவு, மேலே விழும் மின்னழுத்தத்துக்கேற்ப மாறும். விரலால் தட்டினால் மைக் போல் சத்தம்கூட எழுப்பும். டோன் கண்ட்ரோல் அல்லது ஃபில்டர் சர்க்யூட்டில், பாட்டு போகிற வழியில் இது உட்கார்ந்திருந்தால் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. அதற்கும் விலை உயர்ந்த சரக்கு வேண்டாம், சாதாரண ஃபிலிம் அல்லது மதிப்பு மாறாத சி0ஜி ரக செராமிக் போதும். ஐசியின் பவர் காலுக்குப் பக்கத்தில் இருக்கும் அதே எக்ஸ்7ஆரைத் தொடாதீர்கள், அங்கே அதுதான் சரியான ஆள்.

துல்லியம் உண்மையிலேயே காசுக்குப் பதில் சொல்கிற இடம் ரெக்கார்டு பிளேயருக்கான ஃபோனோ பகுதி. ரெக்கார்டு பதிவில் குறைத்த பாஸையும் ஏற்றிய மேல் ஸ்தாயியையும் சரிசெய்யும் ஆர்ஐஏஏ வளைவு 3180, 318, 75 மைக்ரோசெகண்ட் என்ற மூன்று எண்களால் ஆனது. 75ஐத் தீர்மானிக்கும் கண்டென்சர் 10 சதவீதம் தவறினால் மேல் ஸ்தாயி முழுக்க 0.8 டெசிபல் ஏறும் அல்லது இறங்கும். அது தனி ஒரு அதிர்வெண்ணில் நடப்பதில்லை, பல ஸ்தாயிகளில் பரவி நடப்பதால் ‘பளிச்’ என்றோ ‘மந்தம்’ என்றோ தெரியும். மருந்து மலிவு: சாதாரண ஃபிலிம் கண்டென்சர்களைப் பத்து வாங்கி, மீட்டரில் அளந்து, இடதுக்கும் வலதுக்கும் ஜோடி சேர்த்துப் போடுவது. இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது.

ரெசிஸ்டரில் பேச அதிகம் இல்லை. பழைய கார்பன் காம்போசிஷன் ரகம் இரைச்சல் போடும், வயதானால் மதிப்பும் நகரும். அதை மெட்டல் ஃபிலிமாக மாற்றலாம், ஆம்ப்பின் முதல் கட்டத்தில் பலன் தெரியும். மெட்டல் ஃபிலிமை எடுத்துவிட்டு இன்னும் விலை உயர்ந்த மெட்டல் ஃபிலிம் போடுவது கணக்கில் சேராது.

ஃபியூஸ்? மின்சாரம் தெருவிலிருந்து எத்தனையோ மீட்டர் சாதாரண கம்பியில் வருகிறது, கடைசி இரண்டு சென்டிமீட்டரில் தங்கப் பூச்சு என்ன செய்துவிடும்? ஆனால் ஸ்பீக்கர் வழியிலேயே ஃபியூஸ் வைத்த பழைய டிசைன்கள் உண்டு. அங்கே பாஸ் அடிக்கும்போதெல்லாம் அந்த மெல்லிய கம்பி சூடாகித் தடை ஏறும், இறங்கும். அதனால் வரும் டிஸ்டார்ஷனை அளக்க முடியும். பாகம் ஒன்றுதான், இடம்தான் வேறு. எப்படியானாலும் ஃபியூஸின் ஆம்பியர் அளவை மட்டும் மாற்றாதீர்கள், தீப்பிடிக்கும்.

உயர்விலை ஃபிலிம் கண்டென்சர்களுக்கு இன்னொரு குணம்: உடம்பு பெரிது. கட்டைவிரல் அளவுக்கு, அதற்கு மேலும் இருக்கும். போர்டில் அதற்கென விட்ட இடமோ பட்டாணி அளவு. கால்களை நீட்டி, எங்கேயோ சாய்த்துப் பசை வைத்து ஒட்டுவார்கள். அதன் விளைவுக்குக் கடைசியில் வருகிறேன்.

## ஓப்-ஆம்ப் ஐசி மாற்றுவது

சாக்கெட்டில் இருக்கும் எட்டுக்கால் ஐசியைப் பிடுங்கி வேறொன்றைச் செருகுவது ஐந்து நிமிட வேலை. அதனாலேயே இது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. கணக்கைப் பார்ப்போம். டிஎல்072 ஐசியின் உள்ளிரைச்சல், 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் சேர்த்தால் ஏறக்குறைய 2.5 மைக்ரோவோல்ட். என்இ5532 என்றால் 0.7 மைக்ரோவோல்ட். மூன்றரை மடங்கு வித்தியாசம், பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் 1 வோல்ட் சிக்னல் ஓடுகிற இடத்தில் முதலாவது 112 டெசிபல் கீழே, இரண்டாவது 123 டெசிபல் கீழே. இரண்டுமே எந்த வீட்டு அறையின் அமைதியையும் விட அமைதி.

அதே ஐசிகளை 5 மில்லிவோல்ட் மட்டுமே வருகிற ஃபோனோ பகுதியில் வையுங்கள். மற்ற இரைச்சல்களை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒன்று 66 டெசிபல் கீழே, இன்னொன்று 77. இப்போது பாட்டுகளுக்கு நடுவே வரும் ‘ஸ்ஸ்’ சத்தத்தில் வித்தியாசம் தெரியும். ஆகவே ஃபோனோவில் மாற்றலாம், மற்ற இடங்களில் யோசிக்கலாம்.

மறைவான செலவு இந்த வழியில்தான் அதிகம். வேகமான ஐசியைப் பழைய போர்டில் போட்டால், பவர் காலுக்கு ஒட்டினாற்போல் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இல்லாவிட்டால் அது மெகாஹெர்ட்ஸில் ஆட ஆரம்பித்துவிடும். காதுக்குக் கேட்காது, ஐசி மட்டும் தொட முடியாமல் சுடும், ஒலி ‘ஒரு மாதிரி’ இருக்கும். அந்த ‘ஒரு மாதிரி’யைத்தான் சிலர் ‘விவரம் கூடியிருக்கிறது’ என்று பாராட்டுகிறார்கள். இன்னொன்று: டிஎல்072 எடுத்த இடத்தில் என்இ5532 போட்டால், அதன் உள்ளீட்டுக் கால் இழுக்கும் 200 நானோஆம்பியர் மின்னோட்டம் 100 கிலோ ஓமின் மேல் 20 மில்லிவோல்ட் டிசி ஆகும். அங்கே ஒரு வால்யூம் குமிழ் இருந்தால், நேற்று வரை சமர்த்தாக இருந்தது இன்று கரகரக்கும். பெயர் பெற்ற ஐசிகளில் போலிகளும் தாராளம். மேலே அச்சடித்த எழுத்தை மட்டும் நம்ப முடியாது.

## கிராஸ்ஓவர் பாகங்கள்

சின்னப் பாகம் பெரிய வித்தியாசம் செய்கிற இடம் எது என்று கேட்டால் நான் ஸ்பீக்கர் பெட்டியைத்தான் காட்டுவேன். ஆம்ப்புக்குள் கண்டென்சர் கிலோ ஓம்களோடு பேசுகிறது. ஸ்பீக்கருக்குள், மேல் ஸ்தாயிக்கான குட்டி ஸ்பீக்கரான 8 ஓம் ட்வீட்டரோடு பேசுகிறது. அங்கே அரை ஓம் தடை கூட ஒரு ஆள்தான்.

எளிமையான ஸ்பீக்கரில் ட்வீட்டருக்கு முன்னால் 4.7 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று இருக்கும். 8 ஓமோடு சேர்ந்து 4200 ஹெர்ட்ஸ் வாக்கில் அது வழிவிடத் தொடங்கும். வயதாகி 3.3 ஆனால் அந்த எண் 6000 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். நடுவில் இருக்கும் பகுதி, பாடகரின் ‘ச’வும் ‘ஷ’வும் வாழ்கிற இடம், உள்ளே போய்விடும். நான்-போலார் (பிளஸ் மைனஸ் இல்லாத) எலக்ட்ரோலிட்டிக் போட்ட பழைய ஸ்பீக்கர்களில் இதுதான் அடிக்கடி நடக்கிறது. மாற்றினால் யாருக்கும் தெரியும், சோதனை கீதனை தேவையில்லை.

ஒரு பொறி இருக்கிறது. பழைய எலக்ட்ரோலிட்டிக்கின் உள்தடை 1 ஓம் வரை ஏறியிருக்கலாம். அதை எடுத்துவிட்டுத் தடையே இல்லாத ஃபிலிமைப் போட்டால் ட்வீட்டர் 1 டெசிபல் உரக்கப் பேசும். முதல் வாரம் ‘திரை விலகியது போல’ இருக்கும். இரண்டாவது வாரம் அரை மணி நேரத்துக்கு மேல் கேட்க முடியாமல் எழுந்து போவீர்கள். டிசைன் செய்தவர் புதுக் கண்டென்சரின் இயல்பான தடையையும் கணக்கில் வைத்திருக்கலாம், 0.2 முதல் 0.5 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்துப் பார்த்தால் பழைய சமநிலை வந்துவிடும்.

காயில் விஷயத்திலும் கவனம் தேவை. பாஸுக்கான ஸ்பீக்கரான ஊஃபருக்குத் தொடராக இருக்கும் காயிலின் கம்பித்தடை 0.5 ஓம் என்றால் பாஸ் அரை டெசிபல் குறையும். தடிமனான கம்பிக் காயிலைப் போட்டால் பாஸ் கூடும். நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் டிசைன் அந்த 0.5 ஓமோடு சேர்த்துத்தான் செய்யப்பட்டது. அதே தடையுள்ள காயிலாகப் பாருங்கள். இரும்பு உள்ளகம் கொண்ட காயில் உரத்த பாஸில் திணறும், காற்றுக் காயில் திணறாது. உரக்கக் கேட்பவர்களுக்கு மட்டும் இது பொருட்டு.

## பணத்தையும் பொழுதையும் அறைக்குச் செலவிடுவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுப்பது, உட்காரும் இடத்தைப் பின்சுவரிலிருந்து நகர்த்துவது, வெறும் தரையில் கனமான ஜமுக்காளம் விரிப்பது இவை ஒவ்வொன்றும் பல டெசிபல் கணக்கில் வேலை செய்யும். ஆம்ப் ஆரோக்கியமாக இருந்தால், மூன்றாவது நான்காவது வழிகளுக்கு முன் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். திறக்க வேண்டியது எதுவும் இல்லை.

## காதைச் சோதிக்கும் முறை

மாற்றினேன், நன்றாகிவிட்டது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வதில் இரண்டு சிக்கல். மாற்றுகிற வேலைக்கு நடுவே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. பழைய ஒலியைக் காது அவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்காது. கொஞ்சம் உரக்கக் கேட்பது எப்போதும் கொஞ்சம் நன்றாகவும் கேட்கும். இரண்டுக்கும் ஒரே தந்திரம் உண்டு: இடது சானலில் மட்டும் பாகத்தை மாற்றுங்கள், வலதை விட்டுவிடுங்கள். மோனோ பாட்டை இரண்டுக்கும் அனுப்பி, ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். முன்னதாக 1 கிலோஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட்டை அளந்து, இரண்டும் 1 சதவீதத்துக்குள் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். எது எது என்று தெரியாதபடி இன்னொருவர் ஒயரை மாற்ற வேண்டும், மாற்றும்போது ஆம்ப் ஆஃபில் இருக்க வேண்டும். 16 தடவை கேட்டு 12 தடவை சரியாகச் சொன்னால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு 4 சதவீதம்தான்.

ரிலே கதையில் வந்த அதே நண்பன், பிறகு கட்டைவிரல் அளவு ஃபிலிம் கண்டென்சர் இரண்டு வாங்கி வந்தான். “மச்சான், இடதுல மட்டும் போடறேன், நீ வந்து மாத்தி மாத்திக் குடு” என்றான். நான் ஆம்ப்புக்குப் பின்னால் ஒயரோடு உட்கார்ந்தேன், அவன் சோபாவில் கண்ணை மூடி உட்கார்ந்தான். 16க்கு 13 சரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு நாள் நான் வாதாடியதெல்லாம் என்ன ஆவது?

“எதை வெச்சுடா சொல்றே?”

“பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது. இடதுல லேசா ‘ம்ம்’னு ஒண்ணு வருது.”

மூடியைத் திறந்தோம். புதுக் கண்டென்சர் போர்டில் இடம் கிடைக்காமல், கால்கள் நீட்டி, டிரான்ஸ்ஃபார்மரின் தோளில் சாய்ந்திருந்தது. அங்கே அது ஹம்மை வாங்கிப் பாட்டில் கலந்துகொண்டிருந்தது. கால்களை வெட்டிக் குறைத்து, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து விலக்கி நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். இந்தத் தடவை 16க்கு 8.